பாலத்தடியில் நின்ற கார்

நோரீன் தன் கணவனின் கார் டிக்கியைத் திறந்து பார்த்தாள். திறந்த வேகத்திலேயே அறைந்து மூடினாள். பிளாஸ்க் இல்லை. ரொட்டிப் பொட்டலமும் இல்லை. பாலத்து மடுவில் மீன் பிடிக்க வந்தவன் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அலையமாட்டான். நாலு எட்டு வைத்தால் கார். உள்ளே உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுக்கொண்டே டீ குடிக்கலாம். பிளாஸ்க் போயிருக்கிறது என்றால் ஆள் நடந்திருக்கிறான். வெகுதூரம் நடந்திருக்கிறான்.

மழை பக்கவாட்டில் அடித்தது. பாலத்துக்குக் கீழே கிளாஷீன் ஆறு பழுப்பாகப் பொங்கி, யாருடைய தோட்டத்து வேலியையோ கம்பியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போனது. இரண்டு கரையிலும் தேட வந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் நீளக் கழிகளால் புதர்களுக்கு அடியில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

பிப்ரவரி முதல் தேதி. சால்மன் பருவம் திறக்கும் நாள். இருட்டோடு இருட்டாகக் கிளம்பிப் போன அவள் கணவன் ஃபெஸ்டி, வழக்கம்போல் காலை பத்து மணிக்கு அவள் நடத்துகிற தூண்டில் கடைக்கு வந்து, பிடிக்காத மீனைப் பற்றிப் பீற்றிக்கொண்டிருக்க வேண்டும். வரவில்லை. பதினொரு மணிக்கு, ஆறு கடலில் சேருகிற படகுத்துறையில், அவன் தொப்பி மட்டும் வந்து ஒதுங்கியது. அவள் கடையில் விற்கிற தொப்பிதான். ஊரில் பாதித் தலைகளில் அதுதான் இருக்கிறது. ஆனால் அதன் ஓரத்தில் குத்தியிருந்த சிவப்பு இறகுத் தூண்டில், பேன்சியாக இருக்கிறது என்று யாரும் வாங்காமல் கடையில் தங்கிப்போன ஒன்று. அதை மாட்டிக்கொள்ள ஊரில் ஒருவனுக்குத்தான் பெரிய மனசு இருந்தது.

உயிரோடு என்ற வார்த்தையை அவள் மதியத்துக்கு முன்பே கீழே வைத்துவிட்டாள், படியாத பேரத்தை விட்டு நகர்ந்து போகிறவளைப்போல. இந்தக் குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் யாரும் தாங்கமாட்டார்கள். இப்போது அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். உடம்பு வேண்டும். நாலு மணிக்குக் கடல் திரும்பும். அதுவரை ஏறிவரும் ஓதம் ஆற்றை எதிர்த்து முட்டுக்கொடுத்து நிறுத்தி வைத்திருக்கும். திரும்பிவிட்டால் வெள்ளமும் வற்றுகிற ஓதமும் சேர்ந்து இழுக்கும். ஆற்றில் கிடப்பதெல்லாம் விரிகுடாவுக்குப் போய்விடும்.

ஃபெஸ்டியின் அப்பா அப்படித்தான் போனார். கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு நல்ல கல் இருக்கிறது, பெயர் இருக்கிறது, கீழே வெறும் மண். மாமியார் சாகிறவரை வருஷா வருஷம் ஆளில்லாத அந்த மண்ணுக்குக் களை பிடுங்கினாள். பக்கத்தில் இரண்டாவதாக ஒரு வெறுங்கல் நடுவதற்கு நோரீன் தயாராக இல்லை.

மீட்புக் குழுத் தலைவர் கோன்ராய் பாலத்து மதில்மேல் வரைபடத்தை விரித்து, அது பறக்காமல் இரண்டு முழங்கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். பக்கத்து ஊர்க்காரர். கோல்ஃப் ஆடுகிறவர், சிக்கல் அதில்தான் இருந்தது.

அவள் அவரிடம் போய், இங்கே தேடி நேரத்தை வீணாக்குகிறீர்கள், அவன் இங்கே நிற்கவே இல்லை என்றாள்.

“கார் இங்கதான நிக்குது, நோரீன்?” என்றார் கோன்ராய், மெதுவாக, இடிந்துபோன பெண்ணிடம் பேசுகிற குரலில்.

“அதத்தான் சொல்றேன். கார் இங்க நிக்குதுன்னா ஆளு இங்க இல்லன்னு அர்த்தம்.”

கோன்ராய் பக்கத்தில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்தார். போலீஸ்காரர் மழையைப் பார்த்தார். இவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று நோரீனுக்குத் தெரியவில்லை. பருவத்தின் முதல் நாளில் மீன் பிடிக்கிற இடத்தில் காரை நிறுத்துகிறவன் இந்த ஆற்றில் கிடையாது. மற்றவன் வந்து பக்கத்தில் நின்றுவிடுவான். காரை ஒரு மடுவில் விட்டுவிட்டு, வயல் வரப்பு ஏறி, சதுப்பில் இறங்கி, வேறொரு மடுவுக்கு நடப்பான். ஊருக்கே தெரியும். ஊரே செய்கிறது. ஆனால் வாயால் யாரும் சொன்னதில்லை. அதனால்தான் காலையிலிருந்து நாற்பது தூண்டில்காரர்கள், கழியும் கையுமாக, வாயை மூடிக்கொண்டு, கோல்ஃப்காரர் கைகாட்டிய இடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே இல்லை என்று தெரியும். எங்கே என்று தெரியாது.

அவள் திரும்பி, கரையில் நின்ற கசாப்புக்கடை ஜார்லத்தைக் கூப்பிட்டாள்.

“ஜார்லத், காலைல உன் வண்டி எங்க நின்னுச்சு?”

ஜார்லத் தொண்டையைச் செருமினார். “ஆலை வாசல்ல.”

“நீ எங்க நின்ன?”

நாலைந்து பேர் கழியை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இவ்வளவு துக்கத்திலும் அந்தப் பதிலுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

“ஆலைல இல்ல” என்றார் ஜார்லத், கடைசியில்.

கோன்ராய்க்குப் புரிந்துவிட்டது. முழங்கையை எடுத்தார், வரைபடம் ஒரு பக்கம் சடசடத்தது. “சரி. அப்ப எங்க?”

 கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஃபெஸ்டி அதை அவளிடம் சொன்னதே இல்லை. சொல்லாததற்கு நியாயமும் இருந்தது. வெளியூர்க்காரன் ஒருவன் கடைக்கு வந்து, ஒரு தூண்டிலுக்கு மூன்றாக வாங்கினால், எந்த மடுவில் போடலாம் என்று அவள் ஒரு வார்த்தை கொசுறாகக் கொடுப்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஜெர்மனியிலிருந்தெல்லாம் வருகிறார்கள். “உங்கிட்ட சொல்றதும் கடை வாசல்ல எழுதிப் போடறதும் ஒண்ணுதான்” என்பான் ஃபெஸ்டி. அதை அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

பாலத்துக்கு மேலே அரை மைலில் ஆறு ஒரு தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிகிறது. பாலம் இருப்பது கிழக்குக் கிளையில். மேற்குக் கிளை சாலை இல்லாத சதுப்புக்குள் போய், படகுத்துறைக்குப் பக்கத்தில் மறுபடி வந்து சேருகிறது. தொப்பி எந்தக் கிளை வழியாகவும் வந்திருக்கலாம். இருப்பதோ ஒரு படகு. நேரமும் ஒரு கிளைக்குத்தான் இருந்தது.

அப்போதுதான் அவள் டார்பியைப் பார்த்தாள்.

டார்பி ஃபெஸ்டியின் தம்பி. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில், யாரும் இறங்கத் துணியாத இடத்தில் நின்று கைகளால் துழாவிக்கொண்டிருந்தான். மூன்று ஆள் வேலையை ஒருவனே செய்தான். இரண்டு முறை அவனை மேலே இழுத்துப் போட்டார்களாம். இரண்டு முறையும் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டானாம். அண்ணன்மேல் எவ்வளவு பாசம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

நோரீனுக்கு அது பாசமாகப் படவில்லை. அவள் கல்லாவுக்குப் பின்னால் நின்று வளர்ந்தவள். பொருளில் குறை வைத்திருக்கிறவன்தான் பொட்டலத்தை அவ்வளவு அழகாகக் கட்டுவான்.

காலையில் நடந்த ஒன்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. பருவத்தின் முதல் மீன் டார்பிக்குத்தான் கிடைத்திருந்தது. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே ஹோட்டலுக்குக் கொண்டுவந்தான். ஒன்பதரை பவுண்டு, வெள்ளிக்காசுபோல் மின்னியது, கடலிலிருந்து ஒட்டிவந்த பேன்கூட இன்னும் உதிரவில்லை. ஹோட்டல்காரர், வருஷா வருஷம் முதல் மீனுக்குச் செய்வதுபோல, அவன் பெயரைப் பலகையில் சாக்கட்டியால் எழுதி, ஒரு விஸ்கி பாட்டிலைக் கையில் கொடுத்தார். எங்கே பிடித்தாய் என்று கேட்டதற்குக் கோயில் மடு என்றான். யாரும் நம்பவில்லை, நம்ப வேண்டும் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கோயில் மடுவில் நேற்று இரவிலிருந்தே தண்ணீர் மதிலைத் தாண்டி ஓடுகிறது. ஆறு இந்த உயரத்தில் நிற்கும்போது தூண்டில் போடக்கூடிய இடம் ஒன்றிரண்டுதான் இருக்க முடியும். அண்ணனும் தம்பியும் ஒரே அப்பனிடம் தொழில் படித்தவர்கள்.

அவள் கயிற்றைப் பிடித்திருந்தவர்களிடம் போய், அவனை இழுங்கள் என்றாள். இழுத்தார்கள். உதடு நீலமாக இருந்தது. மீட்பு வண்டிக்குப் பின்னால், காற்று படாத இடத்துக்கு அவனைக் கூட்டிப் போனாள்.

“மீன எங்க புடிச்ச, டார்பி?”

“கோயில் மடுல, அண்ணி.”

விலையை இவ்வளவு சட்டென்று சொல்கிறவன் பொய் சொல்கிறான். அவள் ஒன்றும் பேசாமல் நின்றாள். கடையில் அவளுக்கு மிகவும் உதவிய கருவி அதுதான். எதிராளி தாங்கமாட்டான், அவனே அடுத்த விலையைச் சொல்வான். மழை வண்டிக் கூரையில் கொட்டியது. டார்பி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எனக்கு இடம் வேண்டாம்” என்றாள் அவள். “எங்கருந்து தேடணும்னு மட்டும் சொல்லு. ஃபெஸ்டி எங்கிட்ட சொன்னதா நான் சொல்றேன். உன் பேரு வராது.”

“அண்ணன் உங்ககிட்ட சொல்லமாட்டாரே.”

“அது எனக்கும் உனக்கும்தான் தெரியும்.”

அவன் முகத்தைத் துடைத்தான். துடைத்த கையே நனைந்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை.

“மேக்குக் கிளைல” என்றான். “தீவுக்கு அந்தப் பக்கம். பன்னி முதுகு மாதிரி ஒரு பாறை இருக்கு. அப்பா நின்ன எடம். இருட்டுலயே போயிட்டேன், அண்ணி. ஒரு வருஷமாச்சும் அண்ணனுக்கு முன்னாடி போய் நிக்கணும்னு.”

“அவன் வந்தானா?”

“வந்தாரு. பின்னாடி நின்னு பாத்தாரு. முந்திக்கிட்டியாடா திருட்டுப்பயலேன்னு சிரிச்சாரு. அப்புறம் கீழ்ப்பாறைக்கு எறங்கிப் போயிட்டாரு.”

முதலில் வந்தவனுக்கு இடம். அடுத்தவன் கீழே போக வேண்டும். ஆற்றில் அதற்கு மேல் சட்டம் கிடையாது.

“கீழ்ப்பாறை எப்படி?”

“நல்ல நாள்லயே வழுக்கும்.” இடுப்புக் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தான். “மீனு ஏறினதும் திரும்பிக் கத்தினேன், அண்ணா பாருன்னு. ஆளக் காணோம். கோச்சுக்கிட்டுப் போயிட்டாருன்னு நெனச்சேன், அண்ணி. சத்தியமா அப்படித்தான் நெனச்சேன்.”

பிறகு தொப்பி வந்தது. வந்த உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அரை மணி கழித்துச் சொல்வதென்றால், அரை மணி முன்னால் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படி ஒவ்வொரு நிமிஷமும் விலை ஏறிக்கொண்டே போக, கடைசியில் அவன் கையில் இருந்ததெல்லாம் அந்தக் கயிறும் தண்ணீரும்தான். இதை அவன் சொல்லவில்லை. அவள் சொல்லவைக்கவும் இல்லை. பேரம் முடிந்துவிட்டது.

அவள் கோன்ராயிடம் ஓடினாள். இப்போதுதான் ஞாபகம் வந்தது, மேற்குக் கிளை, தீவுக்கு அந்தப் பக்கம் என்று ஃபெஸ்டி ஒருமுறை சொல்லியிருக்கிறான் என்றாள். நாற்பது தூண்டில்காரர்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஃபெஸ்டி அவளிடம் சொல்லியிருப்பான் என்று ஒருவர்கூட நம்பவில்லை. ஒருவர்கூட வாயைத் திறக்கவும் இல்லை. கழிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டிகளில் ஏறினார்கள்.

படகு வண்டி சதுப்பு வாசலில் அச்சு வரை புதைந்தது. ஜார்லத் தன் இறைச்சி வண்டியைக் கட்டி இழுத்துப் பார்த்தார், அதுவும் புதைந்தது. பிறகு பன்னிரண்டு பேர் படகைத் தோளில் தூக்கி, கோரை வழியாக, முழங்கால் வரை அமிழ்ந்து அமிழ்ந்து நடந்தார்கள். நோரீன் அவர்களுக்கு முன்னால் ஓடி, கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். தண்ணீரில் ஒரு நுரைத் திட்டு, ஒரு தட்டு அளவு, நட்டுவைத்ததுபோல் அசையாமல் நின்றது. கடல் இன்னும் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. அவள் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. படகு இறங்கும் சத்தம் கேட்டது. இயந்திரம் ஒருமுறை இருமி அணைந்தது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பாறைகளுக்கு அடியில் ஒன்றுமில்லை என்று யாரோ கத்தினார்கள். வளைவிலும் ஒன்றுமில்லை.

நுரைத் திட்டு மெதுவாகத் திரும்பியது. ஒரு பக்கம் நீண்டது. பிறகு கடலைப் பார்த்து நகரத் தொடங்கியது.

அவள் அதனோடு கூடவே நடந்தாள். நடை ஓட்டமாகியது. வளைவுக்குக் கீழே, வேர்களைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு ஒரு ஆல்டர் மரம் சாய்ந்திருந்தது. அங்கே கோன்ராய் படகில் எழுந்து நின்று ஒரு கையை உயர்த்தினார். மற்றக் கையால் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

வெள்ளம் அவனை மரத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டிருந்தது. நீளமாக, முகம் கீழே, கால் கடலைப் பார்த்து. ஆனால் போகவில்லை. தூண்டில் முள் வேரில் ஆழமாக ஏறியிருந்தது. தூண்டிலின் நைலான் நரம்பு அங்கிருந்து வந்து அவன் மார்பையும் அக்குளையும் இரண்டு சுற்றுச் சுற்றி இறுகியிருந்தது. கோல் எங்கோ போய்விட்டது. நரம்பு அறுபடவில்லை.

கடையில் இருப்பதிலேயே தடித்த நரம்பு அது. பத்து பவுண்டு மீனுக்கு முப்பது பவுண்டு தாங்குகிற நரம்பா, யார் வீட்டு முதல் என்று அவள் வருஷா வருஷம் திட்டுவாள். அவன் கேட்டதே இல்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்வான்.

கோன்ராய் கத்தியை எடுத்தபோது, “நாலு பேரு புடிச்சப்புறம் அறுங்க” என்றாள் நோரீன். குரல் கடையில் கேட்கிற குரலாகவே இருந்தது. அதற்குள் டார்பி தண்ணீரில் இறங்கி அண்ணனின் தோளைப் பிடித்துவிட்டிருந்தான்.

இரண்டு நாள் உடலை வீட்டு முன்னறையில் வைத்திருந்தார்கள். ஊர் வந்தது, டீ குடித்தது, ஃபெஸ்டியின் குளிர்ந்த கையைத் தொட்டுவிட்டு, அவன் சொன்ன பொய்களைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அடக்கம் முடிகிறவரை ஆற்றில் ஒருவர்கூடத் தூண்டில் போடவில்லை. டார்பி ஹோட்டல் பலகையில் இருந்த தன் பெயரைத் தானே அழித்துவிட்டு, பாட்டிலையும் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். துக்கத்துக்கு மரியாதை என்று எல்லாரும் தலையாட்டினார்கள். ஹோட்டல்காரர் தன் பங்கு மரியாதைக்கு, அந்த முதல் சால்மனையே வேகவைத்து, எலுமிச்சைத் துண்டெல்லாம் அடுக்கி, பெரிய தட்டில் அனுப்பிவைத்தார். தட்டு உள்ளே வந்தபோது டார்பி எழுந்து வெளியே போனான். நோரீன் அதை வாங்கி, பின்கட்டுக்குக் கொண்டுபோய், மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஜார்லத் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோப்பையைத் தட்டில் இப்படியும் அப்படியும் திருப்பினார். ஃபெஸ்டி மாதிரி ஒரு மனிதன் இனிமேல் வரமாட்டான் என்றார். இறைச்சி வண்டியை இன்னும் சதுப்பிலிருந்து எடுக்க முடியவில்லை என்றும், அதைப் பற்றி அவள் கவலைப்படக் கூடாது என்றும் சொன்னார். பிறகு சவப்பெட்டியின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைத் தாழ்த்தினார்.

“தப்பா எடுத்துக்காத, நோரீன். அந்த மரத்துலருந்து மேலாத்துப் பக்கம் எவ்வளவு தூரத்துல நின்னான்? சும்மாதான் கேக்கறேன்.”

சுவரோரம் டார்பி கையில் இருந்த ரொட்டியைக் கடிக்காமல் நின்றான்.

நோரீன் உடனே பதில் சொல்லவில்லை. சொன்னால் மலிந்துவிடும். கதவுப் பக்கம் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள். அப்புறம் ஜார்லத்தின் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ஜெர்மன்காரர்களிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

“ஆட்டுப்பட்டி வளைவுல. யாருகிட்டயும் சொல்லிடாத.”

ஆறு இரண்டாகப் பிரிவதற்கும் மேலே இருக்கிற ஆட்டுப்பட்டி வளைவில் தண்ணீர் முழங்கால் ஆழம். ஆடு குடிக்கும், மீன் நின்றதாக யாரும் கண்டதில்லை. ஜார்லத்தும் கண்டதில்லை. ஆனால் அவர் முகத்தில், இத்தனை வருஷமாகத் தன் மூக்குக்கு அடியில் இருந்ததைத் தவறவிட்டவனின் திகைப்பு மெல்லப் பரவியது. அவள் கையை அழுத்தினார். கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. இரவுக்குள் இன்னும் இரண்டு பேர் வந்து, சும்மாதான் கேட்டார்கள். அவர்களுக்கும் அதையே, அதே விலைக்குக் கொடுத்தாள்.

அடக்கம் ஆனது. கல்லுக்குக் கீழே ஆள் இருந்தான்.

மறுநாள் காலை, கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு மழையில் பாலம் வரை நடந்தாள். ஃபெஸ்டியின் கார் வைத்த இடத்திலேயே நின்றது. முன்கண்ணாடி முழுக்க ஆல்டர் பூக்கள் ஒட்டியிருந்தன. துடைப்பானை இரண்டு முறை ஓடவிட்டாள். வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. ஆட்டுப்பட்டி வாசலுக்கு ஓட்டிப் போய், சாலையிலிருந்து பார்த்தால் பாதி தெரிகிற மாதிரி, புதருக்குள் மூக்கைச் செருகி நிறுத்தினாள். அவன் அப்படித்தான் நிறுத்துவான். பூட்டினாள். பக்கத்தில் இருந்த பால் பண்ணைக்குள் போய், முந்தின நாட்களில் துக்க வீட்டுக்குச் சாப்பாடு வந்த பாத்திரங்களைப் பற்றி விசாரித்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பாதி வழியில் டார்பியின் வண்டி பின்னால் வந்து நின்றது.

“ஏறுங்க, அண்ணி.”

ஏறினாள். நனைந்த கோட்டிலிருந்து நீர் இருக்கையில் வழிந்தது.  அவன் வண்டியைத் திருப்பி, அவள் நடந்து வந்த ஆற்றுச் சாலையிலேயே விட்டான். ஆட்டுப்பட்டி வாசல் வந்ததும் வேகத்தைக் குறைத்தான்.

ஃபெஸ்டியின் காருக்குப் பின்னால் மூன்று கார்கள் வரிசையாக நின்றன. அப்பால், கொட்டுகிற மழையில், முழங்கால் தண்ணீரில், மூன்று பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு தூண்டில் வீசிக்கொண்டிருந்தார்கள்.

இருவரும் பார்த்தார்கள். டார்பி கியரை மாற்றினான்.